தண்ணீருக்கு ஓர் எல்லை, மானியத்துக்கு ஓர் எல்லையா?

(வானொலியில் நிகழ்த்திய உரை)



ஒரு ஊரில் ஏரித் தண்ணீர் பாசி பிடித்து நாறுகிறது, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஊர் ஜனங்கள் மனு கொடுக்கிறார்கள். அதிகாரிகள் வருகிறார்கள், தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் தண்ணீரைச் சுத்தமாக்க சர்க்கார் பணமும் வருகிறது. இது வரைக்கும் நல்லதுதான். தகராறு இனிமேல்தான் ஆரம்பம்.

அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும்? ஏரி எந்தக் கொம்யூனில் இருக்கிறதோ அந்தக் கொம்யூனுக்கா? அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவிக்கிற ஆயக்கட்டுக்காரர்களுக்கா? கெட்ட தண்ணீரைக் குடிக்கிற தெருக்காரர்களுக்கா? அல்லது, அந்த ஏரிக்குத் தண்ணீர் வந்து இறங்குகிறதே, அந்த மேட்டு நிலத்துக்காரர்களுக்கா?

இந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு உங்களோடு சேர்ந்து யோசிக்கலாம் என்று வந்திருக்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் தரத்துக்காக வருகிற பணத்துக்கு கொம்யூன் எல்லையும் மாநில எல்லையும் பொருந்தாது. மழைத் தண்ணீர் எந்த மேட்டிலிருந்து இறங்கி அந்த ஏரிக்கு வருகிறதோ, அந்த மேடுதான் மானியத்துக்கும் எல்லையாக இருக்க வேண்டும். அந்த மேடு எங்கே போகிறது என்று காட்டித் தரவேண்டியவர்கள் நீங்கள்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முகட்டிலே விழும் மழை

உங்கள் வீட்டுக் கூரையைப் பாருங்கள். நடுவிலே முகடு. முகட்டுக்குக் கிழக்கே விழுந்த மழை கிழக்கு இறவாணத்தில் சொட்டும். மேற்கே விழுந்தது மேற்கு இறவாணத்தில் சொட்டும். கிழக்கு இறவாணத்தில் கருப்புத் தண்ணீர் சொட்டுகிறது என்றால், எந்தப் பக்கத்துக் கூரையைப் பெருக்க வேண்டும்? கிழக்குப் பக்கத்தைத்தான். மேற்குப் பக்கத்தை எத்தனை தரம் பெருக்கினாலும் கிழக்கே கருப்புத் தண்ணீர் நிற்கப் போவதில்லை. இரண்டும் ஒரே வீட்டுக் கூரை, ஒரே வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்பதெல்லாம் தண்ணீருக்குத் தெரியாது.

நிலமும் அப்படித்தான். ஒவ்வொரு ஏரிக்கும், ஓடைக்கும், ஆற்றுக்கும் ஒரு முகடு உண்டு. முகட்டுக்கு உள்ளே விழுந்த மழை அந்த ஏரிக்கு வரும், வெளியே விழுந்தது வேறு ஏரிக்குப் போகும். முகட்டுக்கு உட்பட்ட அந்த நிலம் முழுவதையும் நீர்வடிப் பகுதி என்று இலாகாவில் சொல்கிறார்கள். நாம் வழக்கமாக ஏரியின் வரத்து என்று சொல்வதும் அதைத்தான். பேச சௌகரியமாக அந்த முகட்டை வரத்து எல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

வயலில் போட்ட யூரியா, கொட்டகை ஓரத்துச் சாணிக் குப்பை, தெருச் சாக்கடை, ஆலைக் கழிவு எல்லாம் மழையோடு சேர்ந்து இந்த வரத்து வழியாகத்தான் ஏரிக்கு வருகின்றன. ஏரி கெடுவது ஏரியில் அல்ல, அதன் வரத்தில். வரத்தை விட்டுவிட்டு ஏரியை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த ஐப்பசி மழைக்கு அது பழையபடி ஆகிவிடும்.

நம் பக்கத்து நிலவரம்

புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மொத்தம் சுமார் 290 சதுர கிலோமீட்டர். அதுவும் தமிழ்நாட்டு நிலத்துக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தங்கள் வசதிக்குப் பிரித்துக்கொண்ட கோடு அது. அந்தக் கோட்டைப் போடும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் போடவில்லை.

ஊசுட்டேரியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பகுதியிலேயே பெரிய ஏரி. ஒரு பக்கம் நம் வில்லியனூர்க் கொம்யூன், மறுபக்கம் தமிழ்நாட்டு வானூர் வட்டம். சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகவும் அதற்குத் தண்ணீர் வருகிறது. அந்த ஆறு செஞ்சி மலைப் பக்கத்தில் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி நம்மிடம் வருகிறது. ஊசுட்டேரியில் நம் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 2008-ல். தமிழ்நாட்டுப் பக்கத்தை அப்படி அறிவித்தது 2014-ல். ஏரி ஒன்று, தண்ணீர் ஒன்று, வந்து இறங்கும் பறவையும் ஒன்று. பாதுகாப்பு மட்டும் பாதிக்குப் பாதி, ஆறு வருஷ இடைவெளியில் வந்தது.

பாகூர் ஏரியின் கதையும் இதுதான். அந்த ஏரிக்கு உயிர் கொடுப்பது பங்காரு வாய்க்கால். அது தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தமிழ்நாட்டு நிலத்தின் வழியாக நமக்கு வருகிறது. தென்பெண்ணையோ கர்நாடகத்து நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று மூன்று அணைகளைக் கடந்து வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளமாக வந்தபோது அது எந்த எல்லையில் நின்றது? அழுக்கும் அதே வழியில்தான் வருகிறது. வெள்ளம் ஒரே நாளில் வந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் தெரியவில்லை.

பணம் எப்படிக் கணக்காகிறது?

தண்ணீருக்கென்று வந்த, வருகிற திட்டங்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, குடியிருப்பைக் கணக்கில் எடுப்பது. 2019-ல் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டு விதிகளில், மாநிலங்களுக்குப் பணம் பிரிக்கும்போது, தண்ணீரில் ரசாயனக் கெடுதல் உள்ள குடியிருப்புகளின் ஜனத்தொகைக்கு 10 சதவீத எடை கொடுத்தார்கள். இது நியாயமானதுதான். தாகத்துக்குத் தவிக்கிறவருக்கு முதலில் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆனால் இது கெட்ட தண்ணீரைக் குடிக்கிற இடத்தைப் பார்க்கிறது, தண்ணீர் கெடுகிற இடத்தைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது வகை, ஏரியைக் கணக்கில் எடுப்பது. ஐரோப்பிய நாடுகளின் உதவியோடு 1999 வாக்கில் நம் பகுதியில் ஆரம்பித்த ஏரிகள் புனரமைப்புத் திட்டம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரிப் பகுதியில் உள்ள 84 ஏரிகளுக்காக வந்த திட்டம் அது. தூர் எடுத்தார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள், மதகு சரி செய்தார்கள், பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைத்தார்கள். ஏரிக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் கை தூக்க ஆள் வேண்டும் அல்லவா? அதற்கு அந்தச் சங்கங்கள் உதவின.

மூன்றாவது வகை, நீர்வடிப் பகுதியைக் கணக்கில் எடுப்பது. மத்திய சர்க்காரின் நீர்வடிப் பகுதித் திட்டங்களுக்கு 1995-லும் 2008-லும் பொது விதிகள் வந்தன. அவற்றின்படி நிலத்தை ஊர்வாரியாகப் பிரிக்காமல் தண்ணீர் வடிகிற வாக்கில் பிரிக்கிறார்கள். 1995 விதிகளில் ஒரு அலகு சுமார் 500 ஹெக்டேர். நம் கணக்கில் 100 குழி ஒரு காணி, காணிக்கு 53 ஆர் சொச்சம் என்று வைத்தால், ஏறக்குறைய 935 காணி. முகட்டில் வேலையை ஆரம்பித்து பள்ளத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. 2008 விதிகளில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 12,000 ரூபாய் வைத்தார்கள். 2021-க்குப் பிறகு வந்த புதிய கட்டத்தில் அது 22,000 ரூபாய். காணிக்கு 11,700 ரூபாய்க்கு மேல் வருகிறது. இந்தத் தொகை அப்படியே நம் ஊருக்கு வரும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படி அளக்கிறார்கள் என்று காட்டத்தான் சொன்னேன். எந்த நிலம் முதலில் என்று தீர்மானிக்கும்போது குடிநீர்க் கஷ்டம், நிலத்தடி நீரின் நிலை, சிறு விவசாயிகள் எத்தனை பேர், ஏற்கெனவே வேலை நடந்த நீர்வடிப் பகுதியை ஒட்டி இருக்கிறதா என்றெல்லாம் மதிப்பெண் போடுகிறார்கள்.

முதல் வகைப் பணம் வியாதிக்காரருக்கு மருந்து. மூன்றாவது வகைப் பணம் வியாதி வருகிற வழியை அடைக்கிற வேலை. இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே எல்லையில் அளக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு உதாரணம் பார்க்கலாம். இது மனக்கணக்குதான், எந்த ஊரையும் குறித்துச் சொல்லவில்லை.

ஒரு ஏரி. அதன் வரத்து 900 காணி. அதில் 300 காணி நம் கொம்யூனில், 600 காணி எல்லைக்கு அந்தப் பக்கம். ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு 400 காணி, முழுவதும் நம் கொம்யூனில். இப்போது ஏரித் தண்ணீரைச் சுத்தமாக்க மானியம் வருகிறது. கொம்யூன்வாரியாகப் பிரித்தால் என்ன ஆகும்? வரத்தில் 300 காணிக்கும் ஆயக்கட்டில் 400 காணிக்கும் பணம் கிடைக்கும். மொத்தம் 700 காணி. பட்டியல் நீளமாக இருக்கும், எல்லாருக்கும் சந்தோஷம்.

தண்ணீருக்கு என்ன ஆச்சு என்று பாருங்கள். ஏரிக்கு அழுக்கு அனுப்புகிற 900 காணியில் 300 காணியில்தான் வேலை நடந்தது. மூன்றில் ஒரு பங்கு. ஆயக்கட்டில் போட்ட 400 காணிப் பணத்தால் அந்த ஏரிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏனென்றால் ஆயக்கட்டுத் தண்ணீர் ஏரியை விட்டு ஏற்கெனவே இறங்கிவிட்ட தண்ணீர். அது திரும்பி மேலே ஏறாது. பணம் செலவாகிவிடும், பாசி அப்படியே இருக்கும். மூன்று வருஷம் கழித்து வந்து பார்க்கிற அதிகாரி, இந்த ஊரில் மானியம் கொடுத்தும் உபயோகம் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். அடுத்த தடவை பணம் வராது.

"அப்படியானால் ஆயக்கட்டுக்காரன் வாயில் மண்ணா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நம் ஏரிகள் சங்கிலி போலக் கோத்தவை. மேலேரியின் கலிங்கல் தண்ணீரும் அதன் ஆயக்கட்டு வடிகாலும் கீழேரிக்கு வரத்து. இந்த ஏரிக்குக் கீழே இருக்கிற நீங்கள் அடுத்த ஏரிக்கு மேலே இருக்கிறீர்கள். இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறவர் அடுத்த கோட்டுக்கு உள்ளே வருவார். இந்த முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். கொம்யூன் கணக்கில் அதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மானியத்தைப் பரிசு என்று நினைக்கக் கூடாது. வரப்பை உயர்த்து, வாய்க்கால் ஓரம் புல் விடு, எருக்குழியை மூடு, உரத்தைப் பிரித்துப் போடு என்று மேட்டு நிலத்துக்காரரிடம் கேட்கிறோம். அவர் செய்கிற வேலையால் நன்மை அடைகிறவர் கீழே இருக்கிற ஆயக்கட்டுக்காரரும் தெருக்காரரும். பிறருக்காகச் செய்கிற வேலைக்குக் கூலிதான் அந்தப் பணம். வேலை நடக்கிற இடத்தில்தான் கூலி கொடுப்பார்கள்.

பிரான்ஸிலும் நியூயார்க்கிலும்

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1964 டிசம்பரில், தங்கள் நாட்டில் ஒரு தண்ணீர்ச் சட்டம் போட்டார்கள். நாட்டை ஆற்றுப் படுகைவாரியாக ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நீர் முகமை வைத்தார்கள். சேன் நதிப் பகுதிக்கு ஒன்று, லுவார் நதிப் பகுதிக்கு ஒன்று, ரோன் நதிப் பகுதிக்கு ஒன்று, இப்படி. தண்ணீர் எடுக்கிறவரிடமும் அதைக் கெடுக்கிறவரிடமும் கட்டணம் வசூல் செய்து, அந்தப் பணத்தை அதே படுகைக்குள் தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற வேலைக்கு உதவியாகக் கொடுக்கிறார்கள். ஊராட்சி எல்லையும் மாவட்ட எல்லையும் அங்கே குறுக்கே வருவதில்லை. நமக்குக் கோணல் எல்லையை விட்டுப்போனவர்கள், தங்கள் நாட்டில் தண்ணீரின் எல்லையைப் பின்பற்றினார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம் இன்னொரு உதாரணம். 80 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். குடிநீர் சுமார் 200 கிலோமீட்டர் தூரம் வரையிலுள்ள மலைப் பக்கத்து ஏரிகளிலிருந்து வருகிறது. அங்கே மாடு வைத்துப் பிழைக்கிற குடியானவர்கள் இருக்கிறார்கள். சாணியும் மண்ணும் ஏரிக்கு வருகின்றன. பெரும் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதா, வரத்தைச் சுத்தமாக வைப்பதா என்று நகரத்தார் யோசித்தார்கள். 1990-களில் மேட்டு நில விவசாயிகளோடு பேசி, 1997-ல் மேல் பக்கத்து ஊர்களோடும் பெரிய ஒப்பந்தம் செய்தார்கள். ஓடையில் மாடு இறங்காமல் வேலி, எரு சேமிக்கக் கட்டடம் ஆகியவற்றுக்கு நகரத்தின் பணம் போகிறது. அந்த விவசாயிகள் நகர எல்லைக்குள் இல்லை, நகரத்துக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் இல்லை. அவர்கள் நிலத்தில் விழும் மழை நகரத்தின் ஏரிக்கு வருகிறது என்ற ஒரே தகுதியால் பணம் கிடைக்கிறது. மேடு தாண்டி வேறு ஆற்றுக்கு வடிகிற நிலத்துக்கு அந்தப் பணம் இல்லை.

மூன்று சந்தேகங்கள்

"எல்லாம் சரிங்க, நம்ம ஊரு சமவெளி ஆச்சே, மலையா இருக்கு, முகடு கண்ணுக்குத் தெரிய?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. நம் பக்கத்தில் ஒரு முழ உயரம்கூட முகடாகிவிடும். ஒரு சாலை போட்டால், ஒரு வாய்க்கால் கரையை உயர்த்தினால், தண்ணீர் திசை மாறிவிடும். அகில இந்திய மண், நிலப் பயன்பாட்டு அளவை நிறுவனம் 1990-ல் நாடு முழுவதையும் 35 ஆற்றுப் படுகைகளாகவும் கடைசியில் 3,237 நீர்வடிப் பகுதிகளாகவும் பிரித்து வரைபட ஏடு போட்டது. பெரிய அளவில் அது உதவும். உங்கள் ஊர்ச் சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் எங்கே இருக்கிறது என்பது அதில் இருக்காது. அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துப் போட்ட கோடு உங்கள் வயலை வெளியே தள்ளிவிடலாம். அதனால்தான் கோட்டை நீங்கள் நடந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

"பாகூர் ஏரிக்கு ஆற்றுத் தண்ணீர் வருதே, அப்போ பெங்களூர்ப் பக்கம் வரைக்கும் எல்லை போடறதா?" என்று இன்னொருவர் கேட்கலாம். நீர்வடிப் பகுதிகள் பெட்டிக்குள் பெட்டி போல இருக்கின்றன. பெரிய ஆற்றுப் படுகைக்குள் துணைப் படுகை, அதற்குள் ஓடை, ஓடைக்குள் ஏரி வரத்து. ஆறு முழுவதையும் பார்த்துக்கொள்ள வேண்டியது சர்க்கார்கள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய காரியம். விவசாயி மானியத்துக்குச் சின்னப் பெட்டிதான் சரி. ஆனால் வாய்க்காலால் தண்ணீர் வருகிற ஏரிக்கு, ஏரியைச் சுற்றிய வரத்தோடு வாய்க்காலின் இரு கரையிலிருந்தும் அதில் வடிகிற நிலத்தையும் சேர்த்தே எல்லை போட வேண்டும். அதை விட்டால் பங்காரு வாய்க்கால் மாதிரி இடங்களில் பாதி வரத்து கணக்கில் வராது.

மூன்றாவது சந்தேகம் கிணற்றைப் பற்றியது. இங்கே ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். பூமிக்கு மேலே இருக்கிற முகடும் பூமிக்கு அடியில் இருக்கிற தண்ணீரின் எல்லையும் ஒன்றல்ல. நம் பகுதியில் ஆற்று வண்டல், கடலூர் மணற்கல், வானூர் மணற்கல் என்று அடுக்கடுக்காக நீர் தாங்கும் படிவங்கள் இருக்கின்றன. ஆழ்குழாய்க் கிணற்றில் வருகிற தண்ணீர், அந்தப் படிவம் எங்கே மேலே தெரிகிறதோ அங்கே விழுந்த மழையாக இருக்கலாம். கடலோரப் பக்கத்தில் தண்ணீர் உப்பாவதற்குக் காரணம் அளவுக்கு மேல் இறைப்பதால் கடல் நீர் உள்ளே வருவது. அந்தக் கெடுதலுக்கு மோட்டார்கள் இருக்கிற இடத்தை வைத்துத்தான் எல்லை போட வேண்டும். ஏரிக்கும் ஓடைக்கும் ஆழமில்லாத கிணற்றுக்கும் வரத்து எல்லை பொருந்தும். ஆழ்குழாய்க்கு அதை அப்படியே போடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஒன்று, மழை நாளில் நடங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து ஓய்ந்த அரை மணி நேரத்துக்குள், ஊரில் நாலைந்து பேர் கிளம்புங்கள். ஒரு பெரியவர், ஏரி மதகு பார்க்கிறவர், ஒரு பள்ளிக்கூடப் பையன், மாடு மேய்க்கிற ஒரு அம்மாவும் இருந்தால் நல்லது. மேய்ச்சல் நிலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. தண்ணீர் இரண்டாகப் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நடுங்கள்.

இரண்டு, குச்சிகளைக் காகிதத்தில் ஏற்றுங்கள். கிராம வரைபட நகலை வாங்கி, குச்சி நட்ட இடங்களைக் கோட்டால் இணையுங்கள். கோட்டுக்குள் வருகிற நிலங்களின் ஆர்.எஸ். நம்பரை எழுதுங்கள். பழைய பத்திரக்காரர்கள் கதாஸ்தர் நம்பரையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி உள்ளே, பாதி வெளியே என்று இருக்கிற நிலத்தையும் தனியாகக் குறியுங்கள். பிற்பாடு சண்டை வருவது அங்கேதான்.

மூன்று, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். வரத்து வாய்க்கால் ஏரியில் விழுகிற இடம், ஏரி நடு, மதகு வாய் என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஓடை வருகிற இடத்தில் நான்காவதாக ஒன்று எடுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் புட்டியை, எடுக்கப்போகிற அதே தண்ணீரால் மூன்று முறை அலம்பி, நிரப்பி, இடம், தேதி, நேரம் எழுதி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்தார் கொடுக்கிற புட்டியைத்தான் உபயோகிக்க வேண்டும், அதை அலம்பக் கூடாது. முடிவு வரும்போது நைட்ரேட்டை முதலில் பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மிஞ்சினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. குளோரைடு 250, ஃபுளோரைடு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஜல் ஜீவன் விதிகளின்படி ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியால் தண்ணீர் பார்க்கப் பயிற்சி தர வழி உண்டு. உங்கள் ஊரில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தால் அவர்களையும் இந்த வேலையில் சேருங்கள்.

நான்கு, அந்தப் பக்கத்து ஊராரிடம் போய்ப் பேசுங்கள். மனு கொடுப்பதற்கு முன்னால் போங்கள். "உங்க ஊரு அழுக்கு எங்க ஏரிக்கு வருது" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. "உங்க வயல் மண்ணும் உரமும் மழையிலே ஓடிப் போகுது, அதை உங்க நிலத்திலேயே நிறுத்த வழி இருக்கு, சேர்ந்து கேட்கலாமா?" என்று கேளுங்கள். இரண்டும் ஒரே விஷயம்தான். ஆனால் இரண்டாவதைக் கேட்டால் திண்ணையில் உட்காரச் சொல்வார்கள். பெண் கொடுத்து எடுத்த ஊர்கள்தானே எல்லாம். அவர்கள் தங்கள் வட்டார அலுவலகத்தில் ஒரு மனு, நீங்கள் உங்கள் கொம்யூனில் ஒரு மனு. இரண்டிலும் ஒரே வரைபடம் இணைத்திருக்க வேண்டும். இரண்டு சர்க்காருக்கும் ஒரே கோடு போய்ச் சேருவது பெரிய பலம்.

ஐந்து, மனுவை வரைபடத்தோடு ஆரம்பியுங்கள். "எங்கள் ஏரி கெட்டுவிட்டது, உதவி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் அது பத்தோடு பதினொன்று. இத்தனை காணி வரத்து, இத்தனை காணி எங்களிடம், இத்தனை அந்தப் பக்கம், சோதனையில் இந்த இடத்தில் இத்தனை மில்லிகிராம், ஆகையால் இந்த ஆர்.எஸ். நம்பர்களில் இன்ன வேலை என்று எழுதினால் அதைத் தள்ளிவைப்பது கஷ்டம். உங்கள் ஊர் உழவர் உதவியகத்திலும் குரும்பாப்பேட்டில் உள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் மனு எழுத யோசனை கேளுங்கள். ஊசுட்டேரி போன்ற இடத்துக்கு இன்னொரு பிடியும் உண்டு. 2017-ல் வந்த ஈரநில விதிகள், ஈரநிலத்தின் எல்லையோடு அதைப் பாதிக்கக்கூடிய வரத்துப் பகுதியையும் குறிக்க வேண்டும் என்று சொல்கின்றன. உங்கள் வரைபடம் அந்த வேலைக்கும் உதவும்.

கோட்டை ஊரறியப் போடுங்கள்

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எந்தக் கோடு போட்டாலும் சிலர் வெளியே நிற்பார்கள். இவன் வயல் உள்ளே, என் வயல் வெளியேயா என்ற வருத்தம் வரும். செல்வாக்கு உள்ளவர் கோட்டைத் தன் வயல் பக்கம் இழுக்கப் பார்ப்பார். இதற்கு மருந்து ஒன்றுதான். கோட்டை மூடிய அறையில் போடாதீர்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு மழையில் நடந்து போடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பத்துப் பேர் கண்ணால் பார்த்த இடத்தில் யாரும் வாதாட முடியாது. வரைந்ததைக் கொம்யூன் அலுவலகச் சுவரிலும் கோயில் மண்டபத்திலும் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். ஆட்சேபணை சொல்கிறவரை அடுத்த மழைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர் சொன்னது சரியாக இருந்தால் குச்சியை மாற்றி நடுங்கள்.

கோட்டுக்குள் வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் வாங்கிவிட்டு வாய்க்கால் ஓரத்துப் புல்லை உழுது போட்டால், அடுத்த வருஷச் சோதனையில் தண்ணீரே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். வரத்து வாய்க்கால் வாயில் வருஷத்துக்கு இரண்டு முறை தண்ணீர் எடுத்துச் சோதித்து, எண்ணை ஏரிக்கரைப் பலகையில் எழுதுங்கள். எண் குறைந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். குறையாவிட்டால் எங்கே ஓட்டை என்று தேடுங்கள்.

வில்லியனூரிலும் பாகூரிலும் வடகிழக்குப் பருவ மழை வரும்போது இந்த வேலைக்கு உங்களுக்குக் கிடைப்பது ஐந்தாறு நல்ல மழை நாட்கள்தான். அதில் ஒரு நாளை ஒதுக்குங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கட்டுக் குச்சி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தண்ணீரே காட்டும்.